அத்தான் துப்பாக்கிக்கு நான் கடைந்த மூக்கு

என் அக்காவைக் கட்டியவருக்கு ஒரே கண்தான். கல்யாணத்தின்போது இரண்டும் இருந்தன. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்குத் திரி சோதிக்கிற வேலை. லோடு ஏறுவதற்கு முன்னால் அதிலிருந்து பத்து வெடியை உருவி, பொட்டலில் வைத்து, ஒவ்வொன்றாகப் பற்ற வைக்க வேண்டும். திரி பிடித்ததிலிருந்து வெடிக்கிற வரைக்கும் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அந்த லோடு நிற்கும். ஒருநாள் வெடியோடு சேர்ந்து ஒரு கல் தெறித்து இடது கண்ணில் அடித்தது. கண் போனதும் வேலையும் போனது. ஆனைக்குட்டம் அணைக்குக் கீழே ஒரு ஏக்கர் சொச்சத்தைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டார்.

கம்பெனியை விட்டாலும் எண்ணுகிற பழக்கம் அவரை விடவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தால் எண்ணுவார். பம்புசெட் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வருகிற வரைக்கும் எண்ணுவார். "இந்த மனுசன் சோறு கொதிக்கிறதக்கூட எண்ணுவாருலே" என்று அக்கா சிரிப்பாள். அத்தானும் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, எண்ணுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். பிறவிக் குணம்.

இது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்துக்குள் நடந்தது. நான் சிவகாசியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தேன். அச்சு மெஷினுக்கு உருளை, தீப்பெட்டி மெஷினுக்குப் பல்சக்கரம் என்று என்ன கேட்டாலும் கடைந்து கொடுப்போம். நான் கடைந்த சாமான் திரும்பி வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. அந்தக் கொழுப்பையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

அத்தானிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. அவருடைய அப்பா காலத்துச் சாமான். குழாயின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற நாட்டுத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸ் உண்டு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார். அணைக்குக் கீழே ஓடைக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதற்குள் காட்டுப்பன்றி குடியிருந்தது. சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் பாதிச் சோளக்காடு தரையில் கிடக்கும். சட்டப்படி பன்றியை விரட்டத்தான் செய்யலாம், சுடக் கூடாது. அத்தான் சுட்டார். நல்லவராகச் சித்திரிக்க வேண்டும் என்று நான் இதை மறைக்கப் போவதில்லை.

அந்தத் துப்பாக்கியில் விசையை இழுத்தால் சுத்தியல் மாதிரிக் குதிரை வந்து விழுகிற இடத்தில் சின்னதாக ஓர் இரும்பு மூக்கு இருக்கும். அதன்மேல் செப்புக் கேப்பு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குதிரை அதைத் தட்டினால் பொறி உள்ளே போய் மருந்து பிடிக்கும். அந்தக் கேப்பை மதுரையில் லைசென்ஸைக் காட்டித்தான் வாங்க முடியும். எங்கள் ஊர்க்காரனுக்கு மதுரைக்குப் போய்க் கேப்பு வாங்குவது கௌரவக் குறைச்சல். தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டுகிற பொட்டு வெடி எங்கள் தெருவில் சாக்குச் சாக்காகக் கிடக்கும். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த நாலு பேரும் அதைத்தான் மூக்கில் ஒட்டிக்கொண்டார்கள். அத்தானும் அப்படித்தான்.

பொட்டு வெடி பிள்ளைகளுக்குச் செய்தது. அது அரைகுறையாக எரியும், கரியாகக் கக்கும், துருப்பிடிக்க வைக்கும். பல வருடம் அப்படி அடித்ததில் அந்த மூக்கு அரித்து, ஓட்டை அடைத்து, பார்க்கவே சகிக்காது. விசையை இழுத்ததும் குதிரை விழும். புஸ் என்று புகை வரும். அதற்கப்புறம் நிதானமாக ஒரு எண்ணிக்கை எண்ணலாம். பிறகுதான் துப்பாக்கி வெடிக்கும். அத்தானுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வாழ்க்கை முழுக்கத் திரிக்கும் வெடிக்கும் நடுவில் நின்றவர் அல்லவா! விசையை இழுத்துவிட்டு "ஒண்ணு" என்பார். அந்த "ஒண்ணு" முடிகிற இடத்தில் வெடிக்கும். ஓடுகிற பன்றியைக்கூட அந்தக் கணக்கில்தான் அடிப்பார். பன்றி வெளியே வந்ததுமே இழுத்துவிடுவார். குழாயை அதோடு கூடவே திருப்பிக்கொண்டு போவார். வெடிக்கிற நேரத்துக்குக் குழாயும் பன்றியும் சரியான இடத்துக்கு வந்திருக்கும். நானும் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆடி கழிந்து ஒருநாள் அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"ஏலே, ஒங்க அத்தான் மூஞ்சியப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன்.

"வலது கன்னம் பூராம் பொத்துப் போயி நிக்காரு. அந்தக் கேப்புல இருந்து தெறிக்கிதாம். நேத்து இமையில பட்டுருச்சு. இருக்கிறதே ஒத்தைக் கண்ணு. அதுவும் போச்சுன்னா நான் என்ன செய்வேன், சொல்லு? கையப் பிடிச்சுக் கூட்டிட்டுத் திரியவா?"

"பன்னிய விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"சோளத்த விட்டுட்டு மண்ணத் திங்கவா? ஊரான் சாமானெல்லாம் கடஞ்சு குடுக்கே. அக்காளுக்கு ஒண்ணு செய்ய மாட்டியா?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. சரி என்றேன்.

லைசென்ஸ் துப்பாக்கியில் நாமாகக் கை வைக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். பழைய மூக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, மதுரைச் செப்புக் கேப்பு சரியாக உட்காருகிற மாதிரி நல்ல இரும்பில் புதிதாக ஒன்று கடைந்தேன். தெறிப்பது முகத்துக்கு வராமல் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பும் வைத்தேன். தீபாவளி சீசன், பட்டறையில் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. அத்தனைக்கும் நடுவில் ஒரு வாரம் மெனக்கெட்டேன். அத்தானை ஒரு முறையாவது ஒழுங்காக மதுரைக்கு அனுப்பிக் கேப்பு வாங்க வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த ஒத்தைக் கண்ணை நம்பி முதல் வெடியைப் போட எனக்குத் தைரியம் இல்லை. "நீங்க அங்கன போயி அந்தப் புங்க மரத்துக்குப் பின்னால நில்லுங்க அத்தான். நான் அடிச்சுப் பாத்துச் சொல்லுதேன்" என்றேன். அவர் போய் நின்றார். எட்டு முறை நானே அடித்தேன். கன்னத்தில் ஒரு பொறிகூடப் படவில்லை. வரப்பில் வைத்த தகரடப்பா எட்டுக்கு ஆறு முறை சரிந்தது. எல்லாவற்றையும்விட, விசையைத் தொட்டதும் வெடித்தது. இழுத்ததற்கும் வெடித்ததற்கும் இடையில் மூச்சுவிட இடமில்லை. என் கைவேலையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அத்தான் வந்து வாங்கிப் பார்த்தார். "சத்தமே சுத்தமா இருக்கு மாப்ள" என்றார். துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இவர் இன்னும் "ஒண்ணு" எண்ணுகிறவர். இது எண்ண விடாது. இவரை நாலைந்து தடவை அடிக்கவிட்டு, பழைய கணக்கை மறக்கடிக்க வேண்டும். இது என் மனதில் தெளிவாகவே வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கொண்டுபோன மருந்து தீர்ந்திருந்தது. பட்டறையில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "அத்தான், இனி எண்ணாதீக." அவ்வளவுதான்.

புதன்கிழமை விடிகாலை பன்றி இறங்கியது. அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனியில் நனைந்து கழித்துப்போட்ட சரவெடியை வாங்கிக் காயவைத்து வைத்திருப்பார்கள். அக்கா கிழக்கு வரப்பில் ஒரு பனைக்குப் பின்னால் நின்று அதைப் பற்ற வைத்துச் சோளத்துக்குள் எறிவாள். பின்னால் வெடிக்கிற சத்தத்தில் பன்றி மிரண்டு அவள் நிற்கிற பக்கமாகவே வெளியே வந்து, ஓடையைப் பார்த்துத் தெற்கே ஓடும். அத்தான் துப்பாக்கியோடு ஒரு மேட்டில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கும் கிழக்கு வெளுக்கும்போது அப்படித்தான் செய்தார்கள். பன்றி பனைக்குப் பக்கத்தில் வெளியே வந்தது. அத்தான் வழக்கம்போல வந்ததுமே இழுத்தார். பழைய துப்பாக்கி என்றால் அது வெடிப்பதற்குள் குழாய் தெற்கே திரும்பியிருக்கும். புதியது அங்கேயே வெடித்தது. அக்காவின் இடுப்பிலும் தொடையிலும் ரவை பாய்ந்தது.

பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்க ரத்தம், அவள் ரத்தம். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு ஏமாத்திருச்சு மாப்ள. பன்னியத்தான பாத்தேன். அவ நிக்கிறது இந்தக் கண்ணுக்குத் தெரியாமப் போச்சே. பாவி மட்டை நான்."

அவர் அதைச் சொன்ன அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண் இல்லை அத்தான், நான் கடைந்த மூக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டைப் பிரித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பயம்தான், வேறென்ன. துப்பாக்கியை எடுத்துப் போனார்கள். மாற்றியிருப்பதை யாராவது கண்டுபிடித்தால் என் கதி என்ன என்று பல நாள் தூக்கமில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தர்கூட அந்த மூக்கைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்கா கட்டிலில் படுத்தபடி வாக்குமூலம் கொடுத்தாள். "நான்தாங்கய்யா பனைய விட்டு வெளிய வந்துட்டேன். அவுக மேல தப்பு இல்ல." புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் அதை முழுசாக நம்பினாள்.

மதுரையில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். எடுக்க முடிந்த ரவையை எடுத்தார்கள், மற்றது உள்ளேயே தங்கிவிட்டது. அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் காலை மடக்கிக் கீழே உட்கார முடியாது. தீப்பெட்டி ஆபீசில் சம்மணமிட்டு உட்காராமல் என்ன வேலை நடக்கும்? வீட்டிலேயே ஒரு பலகையில் சாய்ந்து பெட்டி ஒட்டினாள்.

அத்தான்தான் அதைவிட மோசமாகப் போய்விட்டார். தன் கண்ணை அவர் நம்புவதை விட்டுவிட்டார். ரோட்டைக் கடக்க ஆள் கேட்டார். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். குத்தகையையும் விட்டாயிற்று. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி. "கண்ணத் தொறந்துதான் ஒட்டுங்களேன்" என்று நான் ஒருநாள் கத்திவிட்டேன். "எதுக்கு மாப்ள? தொறந்து பாத்த லச்சணத்தத்தான் பாத்தோமே" என்றார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

அக்கா அந்தக் கண்ணுக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நொண்டிக்கொண்டே போய் ஒரு வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டாள். கூட்டத்தில் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனது நான்தான். ஆத்துமணலில் நடக்க முடியாமல் நின்று நின்று போனாள். சொல்லு, இப்போதாவது சொல்லு என்று என் மனசு அடித்துக்கொண்டது. "தண்ணி குடிக்கியாக்கா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

இப்படியே நாலு வருடம். முதலில் போலீசுக்குப் பயந்து சொல்லவில்லை. கேஸ் ஓய்ந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் பழகிப்போகும். சோறு இறங்கும். சிரிக்கவும் முடியும். கேவலம்.

நாலாவது வருடம் அக்காவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பச்சிலை அது இது என்று நாளைக் கடத்திவிட்டு, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அத்தான் டீ வாங்கப் போயிருந்தார், ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு. அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏலே, ஒங்க அத்தானப் பாத்துக்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் விட்டுப்போச்சு. எல்லாம் என்னாலதான்."

"என்னக்கா பேசுத?"

"நான் ரெண்டு எட்டு பின்னால நின்னுருக்கணும். அவசரக் குடுக்க. பன்னி எந்தப் பக்கம் போவுதுன்னு எட்டிப் பாத்தேன் போலிருக்கு. பாத்தேனா இல்லையான்னே இப்ப நெனவில்ல. ஆனா பாத்துருப்பேன். இல்லன்னா எப்படி என் மேல படும்?"

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். விரலெல்லாம் பசை காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அவள் தப்பான இடத்தில் நிற்கவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் நின்றாள். அந்த வரப்பையும் பனையையும் நான் பிறகு போய் அளந்தே பார்த்துவிட்டேன். பனை மறைக்கிற அகலத்தைவிட ரவை அதிகமாகச் சிதறும். மேட்டில் இருந்து குழாய் அந்த வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். பழைய துப்பாக்கி இத்தனை வருடமும் அந்த இடத்தைத் தாண்டிய பிறகே வெடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. "பேசாமப் படுக்கா" என்றேன். மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள்.

அவள் போன ஆறு மாதம் கழித்து, எங்கள் தெருவில் இருந்த டீச்சரம்மா ஒருவர், சர்ச் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கிறது, அத்தானைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று விடாமல் சொன்னார். அவர் வர மாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எழுத்து அட்டையைக் காட்டினார். அத்தான் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"கண்ணுக்கு ஒரு குறையும் இல்லையே தாத்தா. இந்த வயசுக்கு இப்படி ஒரு பார்வையா! யாரு ஒங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னது?" என்றார் அந்தப் பெண்.

"முன்னாடி கோளாறா இருந்து இப்ப சரியாகியிருக்குமாம்மா?" என்று அத்தான் கேட்டார்.

"அப்படியெல்லாம் தானா சரியாகாது தாத்தா. எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கும்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். கல்பெஞ்சில் உட்கார்ந்ததும் என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, கண்ணு நல்லாருக்குன்னா..."

"சொல்லுங்க அத்தான்."

"கண்ணு நல்லாருக்குன்னா, அன்னைக்கு அவ நின்னது எனக்குத் தெரிஞ்சுதான இருக்கும்? தெரிஞ்சுக்கிட்டேதான் இழுத்தேனா? நான் என்ன மனுசன் மாப்ள?"

முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வெடியில் அந்தத் துப்பாக்கி எண்ண இடம் கொடுத்ததை, நான் கடைந்தது கொடுக்காததை, ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியதை, சொல்லாமல் வண்டியை எடுத்ததை. "நீங்க சரியாத்தான் இழுத்தீக. அவளும் சரியான எடத்துலதான் நின்னா. நான் செஞ்சதுதான் அத்தான் எல்லாம்" என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அழுகை நின்றுவிட்டது. அவர் அந்த ஒத்தைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஆஸ்பத்திரிப் படியில வச்சே."

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல அத்தான்."

கல்பெஞ்சை விட்டு எழுந்தார்.

"என்னைய விடு மாப்ள. நான் குருடன்னு நெனச்சுக்கிட்டே கெடந்துருப்பேன். அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? தப்பான எடத்துல நின்னுட்டோம், தப்பான எடத்துல நின்னுட்டோம்னு சொல்லிக்கிட்டேல்லா போனா."

பஸ் வந்தது. போர்டைத் தானே படித்துவிட்டு, தானே ஏறினார். என்னைக் கூப்பிடவில்லை.